முதலில் எடை, அப்புறம் பட்டை, ஷாக் கடைசியில்

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அதை அடக்கிவைப்பதுதான் ஷாக்கின் வேலை. பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் இது தெரிந்த விஷயம். ஆனாலும் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்றதும் முதலில் போய் வாங்குவது ஷாக்கைத்தான். காரணம் புரியாததல்ல. ஷாக்கைக் கழற்ற மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். பட்டைக் கட்டை, அதாவது பின்பக்க ஸ்பிரிங்காக இருக்கும் வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கைக் கழற்றுவது கனமான, துருப்பிடித்த, கை அழுக்காகிற வேலை. எது சுலபமோ அங்கிருந்து ஆரம்பிக்கத்தான் மனசு சொல்லும்.

என்னிடம் இருப்பது இருபது வயதைத் தாண்டிய பிக்கப். முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுக் கம்பி), பின்பக்கம் கமான் பட்டை. அந்தக் காலத்துப் பிக்கப்புகளில் பரவலாக இருந்த அமைப்புதான். முன்பு வைத்திருந்தவர் பின் பட்டைக் கட்டில் கூடுதலாக ஒரு குட்டைப் பட்டையைச் செருகியிருந்தார். நான்கு ஷாக்கும் வெவ்வேறு சமயத்தில் மாற்றப்பட்டவை, கம்பெனியும் ஒன்றல்ல. காலியாக ஓட்டினால் சின்னப் பள்ளத்துக்கும் பின்சக்கரம் துள்ளும். லோடு ஏற்றினாலோ பின்பக்கம் உட்கார்ந்துவிடும். மேட்டில் ஏறி இறங்கும்போது, ஆக்ஸில் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் டொம்மென்று இடிக்கும். ஒரே வண்டி விறைப்பாகவும் இருக்கிறது, தொய்ந்தும் கிடக்கிறது.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஸ்பிரிங்கில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று விறைப்பு: ஒரு மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. மற்றது வளைவு: பாரம் இல்லாதபோது எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பது. வருடக்கணக்காகச் சுமந்த பட்டை இழப்பது வளைவைத்தான். எஃகின் மீள்தன்மை வயதாவதால் குறைந்துவிடுவதில்லை. துரு கொஞ்சம் தின்றதைத் தவிர பட்டையின் அகலமும் கனமும் பழையபடிதான் இருக்கின்றன. ஆகவே பட்டை எதுவும் உடையாதவரை விறைப்பும் ஏறக்குறைய பழையதேதான். என் வண்டியில் வளைவு போன கட்டின் மேல் இன்னொரு பட்டையைச் சேர்த்ததில் விறைப்பு ஏறியது. உயரமோ கொஞ்ச நாளில் பழையபடி தாழ்ந்துவிட்டது. “பட்டை வீக்காகிவிட்டது, இன்னும் ஹெவியாகப் போடலாம்” என்று யாராவது சொன்னால், வீக்கானது எது என்று முதலில் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் தேவைப்படுவது அதே விறைப்பில், வளைவு சரியாக உள்ள பட்டைதான்.

உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளப்பதில் பயனில்லை. டயரின் காற்றும் தேய்மானமும் அதில் கலந்துவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நேர்செங்குத்தாக அளந்து, நான்கு மூலைக்கும் எழுதிவைத்துக்கொண்டேன். கூடவே ஆக்ஸிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் காலியாக ஒருமுறை, லோடுடன் ஒருமுறை அளந்தேன். இடமும் வலமும் கொஞ்சம் மாறுவது சகஜம்தான். ஓட்டுநர் உட்காரும் பக்கமும் டீசல் டேங்க் இருக்கும் பக்கமும் வருடக்கணக்காகக் கூடுதல் பாரம் சுமந்தவை. வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் ஒரு பட்டை உடைந்திருக்கிறதா என்று கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி உடைந்த பட்டை, கட்டை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட் இறுக்கத்துக்குள் மறைந்திருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

ஷாக்கையும் அப்போதே சோதித்தேன். மூலையை அமுக்கி விட்டால் எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய வழியை நான் பெரிதாக நம்புவதில்லை. கமான் பட்டை வண்டியில் பட்டைகளுக்கு இடையே உள்ள உராய்வே ஆட்டத்தை அடக்கிவிடும். செத்துப்போன ஷாக்கும் பாஸாகிவிடும். அதைவிட எளிய சோதனை, மோசமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு ஷாக்கின் மேலும் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பது. ஷாக் ஆட்டத்தின் சக்தியை எண்ணெயில் சூடாக மாற்றுகிறது. வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும். அதே ஆக்ஸிலில் ஒன்று சூடாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால் சில்லென்று இருப்பது சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சட்டென்று தொட்டுவிட வேண்டாம், கை பொசுக்கும் அளவுக்கும் சூடு ஏறும். ராடு, அதாவது ஷாக்கின் உள்ளே போய் வரும் தண்டு, வெளியே வருமிடத்தில் லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது தவறில்லை. எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பி, உடம்பெல்லாம் ஈரமாக இருந்தால்தான் சீல் போய்விட்டது. டயரில் மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டான தேய்மானம் வருவதும் ஷாக்கின் மேல் சந்தேகப்பட வேண்டிய அடையாளம்.

அப்புறம் எடைமேடை. ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் நான் செய்த உருப்படியான வேலை எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். முன் ஆக்ஸிலைத் தனியாக, பின் ஆக்ஸிலைத் தனியாக நிறுத்தி எடை பார்க்க வேண்டும்; ஒருமுறை காலியாக, ஒருமுறை வழக்கமாக ஏற்றும் சாமான்களோடு. காலிப் பிக்கப்பில் பாதிக்கு மேல் எடை முன்னால்தான் இருக்கும். பாடியில் ஏற்றுவது ஏறக்குறைய முழுக்கப் பின் ஆக்ஸிலில்தான் விழும். முன்பக்கம் சுமக்கும் எடை அதிகம் மாறாது, பின்பக்கம் சுமப்பது இரட்டிப்பாகிவிடும். பிக்கப்பின் பின் ஸ்பிரிங் எப்போதுமே ஒரு சமரசமாக இருப்பது இதனால்தான்.

மனக்கணக்கிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். பின்சக்கரம் ஒன்றின் மேல் ஸ்பிரிங் தாங்கும் எடை காலியில் 300 கிலோ, லோடில் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன், அதாவது சுமார் 3 கிலோ விறைப்புள்ள பட்டை காலியில் 10 செ.மீ. அமுங்கியிருக்கும், லோடு ஏற்றியதும் இன்னும் 10 செ.மீ. இறங்கும். இதன் இரண்டு மடங்கு விறைப்பைப் போட்டால் லோடில் 5 செ.மீ. மட்டுமே இறங்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காலியில் வெறும் 5 செ.மீ. அமுக்கத்தில் நிற்கிறது. ஸ்பிரிங்கின் இயல்பான ஆட்டம் இந்த அமுக்கத்தைப் பொறுத்தது: 25 செ.மீ. அமுங்கினால் நொடிக்கு ஒரு ஆட்டம், 10 செ.மீ. என்றால் ஒன்றரைக்குச் சற்று மேல், 5 செ.மீ. என்றால் இரண்டேகால். நொடிக்கு ஒன்று, ஒன்றரை என்றால் உடம்புக்கு இதமாக இருக்கும். இரண்டைத் தாண்டினால் உலுக்கல்தான். சக்கரம் மேலிருந்து கீழே வருவதற்கான தூரமும் 5 செ.மீ.தான் இருக்கிறது, அதைவிட ஆழமான பள்ளத்தில் டயர் தரையை விட்டுவிடும். ஈரச் சாலையின் வளைவில் காலிப் பிக்கப்பின் பின்பக்கம் பக்கவாட்டில் நகர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஸ்பிரிங் பெட்டியின் மேல் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று போட்டிருந்தால் 5.7ஆல் வகுத்தால் நியூட்டன், மில்லிமீட்டர் கணக்கு வந்துவிடும். எதுவும் போடாமல் ‘ஹெவி டியூட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கும் தெரியவில்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுவேன்.

என் வண்டியில் கருவிப் பெட்டியும் பாடி மூடியுமாக 200 கிலோவை ஒட்டி எப்போதும் இருக்கும். அதற்கு மேல் ஏற்றுவது எப்போதாவதுதான். ஆகவே நான் தேடியது நிரந்தரமாக அந்த எடையைச் சுமப்பதற்கென்று செய்த பட்டைக் கட்டு. நல்ல ஸ்பிரிங் கம்பெனிகள் இப்படித்தான் பிரித்து விற்கின்றன: காலி வண்டிக்கு ஒன்று, நடுத்தர நிரந்தர லோடுக்கு ஒன்று, எப்போதும் முழு லோடுக்கு ஒன்று. வருடத்தில் ஒன்றிரண்டு முறை ஏற்றும் அதிகபட்சத்தை நினைத்து வாங்கினால் மற்ற நாளெல்லாம் இடுப்பு வலிதான்.

அதற்கு முன் பழைய கட்டையே வளைத்துப் பயன்படுத்த முடியுமா என்று விசாரித்தேன். பட்டை வேலையில் பழுத்த ஒருவர் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வளைச்சுத் தர்றேன் தம்பி, அழகா நிக்கும். ஆனா சீக்கிரமே உக்காந்துடும், அப்ப என்னைத் திட்டக் கூடாது” என்றார். நேர்மையான பதில். குளிர்நிலையில் அழுத்தி வளைத்த பட்டை பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். முறையாகச் சூடேற்றி வளைத்து, எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்தினால் நிற்கும். அந்த வசதியெல்லாம் இருக்கும் இடத்தில் புதுப் பட்டையே கிடைத்துவிடும். அபூர்வமான, பட்டை கிடைக்காத வண்டி என்றால் மட்டும் அந்த வழி.

ஒரு பட்டையைச் சேர்ப்பது அடுத்த வழி. இதில் கவனிக்க வேண்டியது கனம். பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், 7 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டையின் விறைப்பு பாதிக்குப் பாதி கூடிவிடும். நீளமும் அப்படியே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அதனால்தான் கனமான குட்டைப் பட்டை ஒன்றைச் செருகினால் வண்டி திடீரென்று கட்டை வண்டியாகிவிடுகிறது. அது முடியும் இடத்தில் மேல் பட்டையில் அழுத்தம் குவிந்து, நாளடைவில் அங்கேயே முறியவும் வாய்ப்புண்டு. சேர்ப்பதென்றால் நீளமான, மெல்லிய பட்டையைச் சேர்ப்பதே மேல். கீழே தட்டையாக இருக்கும் ஓவர்லோடு பட்டையைத் தொடாமல் விடுவது நல்லது; லோடு ஏறிய பிறகுதான் அது வேலைக்கு வர வேண்டும்.

பராபோலிக் பட்டையையும் யோசித்தேன். நடுவில் கனமாக, நுனிக்குப் போகப்போக மெலிந்து, இரண்டு மூன்று பட்டைகள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். உராய்வு குறைவு என்பதால் சின்னச் சின்ன அதிர்வுகளை அருமையாக உள்வாங்கும், எடையும் குறைவு. ஆனால் பல பட்டைகள் அடுக்கிய பழைய கட்டில் உராய்வே பாதி ஷாக்காக வேலை செய்துகொண்டிருந்தது. அது போனதும் முழு வேலையும் ஷாக்கின் தலையில் விழும். பராபோலிக் போட்டு, பழைய ஷாக்கை அப்படியே விட்டால் வண்டி மிதக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். எனக்குக் கிடைத்தது பல பட்டைகள் அடுக்கிய நல்ல கட்டு, பட்டை நுனிகளுக்கு இடையே உராய்வைக் குறைக்கும் பிளாஸ்டிக் தகடுகளும் இருந்தன. அதோடு நின்றுவிட்டேன்.

அப்போது ஏர் பேக், அதாவது பட்டைக்குத் துணையாகக் காற்று ஊதி வைக்கும் ரப்பர் பை, போட்டுக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. காலியில் காற்றை இறக்கி, லோடில் ஏற்றிக்கொள்ளும் வசதி நிஜமாகவே நல்லது. இரண்டு விஷயம் என்னைத் தடுத்தது. கமான் பட்டை தன் பாரத்தைச் சேஸிஸில் முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு இடத்தில் கொடுக்கிறது. ஏர் பேக் நடுவே, ஆக்ஸிலுக்கு நேர் மேலே தள்ளுகிறது. பாடியின் பின் நுனியில் கனமாக ஏற்றி, ஏர் பேக்கை நிறைய ஊதி, மோசமான சாலையில் ஓடினால் சேஸிஸ் அந்த இடத்தில் வளையும். இரட்டைக் கேபின் பிக்கப்புகளில் இப்படி வளைந்தவை இருக்கின்றன. இரண்டாவது, வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து இன்னும் ஏற்றத் தோன்றும். ஸ்பிரிங்கை என்ன செய்தாலும் ஆக்ஸில், பிரேக், பேரிங், டயர் இவற்றின் வரம்பு மாறுவதில்லை. கதவோர ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடைதான் எப்போதும் எல்லை. போடுவதாக முடிவு செய்தவர்கள் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் குழாய் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் சாலை வளைவில் பாரம் விழும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும், வண்டி இன்னும் சாயும்.

முன்பக்கம் டார்ஷன் பாரில் எனக்குச் செலவே இல்லை. சரிப்படுத்தும் போல்ட்டைத் திருகி, தாழ்ந்த உயரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் விறைப்பாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பார் அதே கனத்தில்தான் இருக்கிறது, விறைப்பு எங்கிருந்து வரும்? உயரம் மட்டும்தான் மாறுகிறது. அந்த உயரமும் சக்கரம் கீழே இறங்கும் தூரத்திலிருந்து எடுத்த கடன். அளவுக்கு மீறி ஏற்றினால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கை எப்போதும் அதன் கீழ் ஸ்டாப்பரைத் தொட்டபடி நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் டக்கென்று அடிக்கும், அந்தக் கையின் நுனியில் உள்ள பால் ஜாயின்ட் சீக்கிரம் போகும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் மூட்டின் கோணமும் கெடும். முன்பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: காயிலை வெட்டி உயரத்தைக் குறைக்கவோ சூடுகாட்டி இறக்கவோ வேண்டாம். வெட்டினால் சுற்று குறைந்து விறைப்பு ஏறும், சூடு பட்டால் எஃகின் பதம் போய்விடும்.

இனி ஷாக். பட்டை மாட்டி, உயரம் நிலைத்த பிறகுதான் ஷாக் வாங்கினேன். புதுப் பட்டை ஆரம்ப நாட்களில் கொஞ்சம் உட்காரும், அதுவரை பழைய ஷாக்கே ஓடட்டும் என்று விட்டிருந்தேன். ஷாக்கில் முதலில் பார்க்க வேண்டியது நீளம். கம்பெனிப் பெயர் அதற்கு அப்புறம்தான். உயரம் மாறிய வண்டிக்குப் பழைய பாகத்தின் எண்ணைச் சொல்லி வாங்கினால் நீளம் பொருந்தாமல் போகலாம்.

அளக்கும் முறை இதுதான். சேஸிஸில் ஸ்டாண்டு கொடுத்து, ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலை மெதுவாகத் தொங்கவிட வேண்டும். பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் மாட்டு மையத்திலிருந்து கீழ் மாட்டு மையம் வரை அளந்தால் அது விரிந்த அளவு. பிறகு ஜாக்கியால் ஆக்ஸிலை உயர்த்தி, பம்ப் ஸ்டாப் நன்றாக அமுங்கும் வரை கொண்டுபோய் அளந்தால் சுருங்கிய அளவு. விறைப்பான பட்டை முழுக்க ஏறாமல் வண்டியே ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தால் நிறுத்திவிட்டு, பம்ப் ஸ்டாப் வரை மீதமுள்ள தூரத்தை அளந்து கழித்துக்கொள்ளலாம். வாங்கும் ஷாக் விரிந்தால் முதல் அளவைவிட ஒரு சென்டிமீட்டராவது நீளமாக இருக்க வேண்டும், சுருங்கினால் இரண்டாம் அளவைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். நீளம் போதாத ஷாக் ஆக்ஸிலின் முழு எடையையும் தன் ராடில் தொங்கவைத்துக்கொள்ளும். நீளம் அதிகமான ஷாக் பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் தானே அடியில் இடித்து, வால்வையும் மாட்டையும் உடைத்துக்கொள்ளும். இரண்டில் பின்னது மோசம். வண்டி சமதளத்தில் நிற்கும்போது ராடின் பயணம் ஏறக்குறைய நடுவில் இருந்தால் திருப்தி. மாட்டுமிடத்தில் கண் வளையமா, நேராக நீட்டிய தண்டா, குறுக்குக் கம்பியா, போல்ட்டின் விட்டம் என்ன, புஷ்ஷின் (உள்ளே இருக்கும் ரப்பர் உறை) அகலம் என்ன என்று இதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் குழாயா இரட்டைக் குழாயா என்பது அடுத்த கேள்வி. இரட்டைக் குழாயில் பிஸ்டன் உள் குழாயில் ஓடும், வெளிக் குழாய் எண்ணெய்க்கு இருப்பிடம். வெளியே கல் பட்டு நசுங்கினாலும் வேலை நடக்கும். கடினமான சாலையில் நீண்ட நேரம் ஓடினால் எண்ணெய் நுரைத்துப் பிடி தளரும். அதைத் தள்ளிப்போடத்தான் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கிறார்கள். ஒற்றைக் குழாயில் பிஸ்டன் வெளிச்சுவரிலேயே ஓடுகிறது. எண்ணெயையும் அதிக அழுத்த நைட்ரஜனையும் மிதக்கும் தட்டு ஒன்று பிரித்துவைக்கும், அதனால் நுரை வராது, சூடும் நேரே காற்றுக்குப் போகும். பில்ஸ்டீனின் 46 மி.மீ. பிஸ்டன் ஷாக், கேஒய்பியின் கேஸ்-ஏ-ஜஸ்ட் எல்லாம் இந்த வகை. கேஒய்பியின் எக்ஸெல்-ஜி இரட்டைக் குழாய். ஒற்றைக் குழாயின் பலவீனம், கல் பட்டுச் சுவர் உள்ளே நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கிவிடும். அதோடு உள்ளழுத்தம் ராடை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 14 மி.மீ. ராடும் 25 பார் அழுத்தமும் என்றால் ஷாக் ஒன்றுக்கு 39 கிலோ. லேசான காலிப் பிக்கப்பின் பின்பக்கத்தில் இது உயரத்தைச் சில மில்லிமீட்டர் தூக்கும். இதை வைத்துத்தான் “ஷாக் போட்டதும் வண்டி நிமிர்ந்தது” என்கிறார்கள். தொய்ந்த பட்டைக்கு அது மருந்தாகாது.

வகையைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் வால்வின் பலம். சுருங்கும் திசையைவிட விரியும் திசையில் ஷாக் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தடுக்கும். அமுங்கிய ஸ்பிரிங் உதைக்கும் உதையை அடக்க வேண்டியிருப்பதால்தான். ஸ்பிரிங் விறைத்தால் இந்தத் தடையும் கூட வேண்டும், ஸ்பிரிங் இளகினால் குறைய வேண்டும். பட்டையைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ஷாக்கை மட்டும் முரட்டுத்தனமாகப் போட்டால் என்ன ஆகும் என்பதை வரிவரியாக மேடு விழுந்த மண் சாலையில் பார்க்கலாம். சக்கரம் ஒரு மேட்டில் ஏறி, விரிந்து திரும்புவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டி உள்ளே இறங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப்பிலேயே ஓடும். அதைப் பார்த்து ஸ்பிரிங் போதவில்லை என்று நினைத்து இன்னும் விறைப்பானதைப் போடுகிறவர்களும் உண்டு. விரியும் தடையைக் குறைத்தால் தீர்ந்துவிடக்கூடிய பிரச்சினை அது.

லோடு நாளுக்கு நாள் மாறுகிறவர்களுக்குக் குமிழ் வைத்த ஷாக் உபயோகமாக இருக்கும். ரான்சோ ஆர்எஸ்9000 வரிசையில் 9 நிலைகள் உண்டு. எனக்கு அவ்வளவு மாற்றம் இல்லை, வண்டிக்கடியில் குனிந்து குமிழ் திருகும் பொறுமையும் இல்லை. நான்குக்கும் ஒரே கம்பெனியின் இரட்டைக் குழாய் கேஸ் ஷாக், பட்டை செய்தவர்களே அந்த விறைப்புக்குப் பொருத்தமாகச் சொன்ன எண். இப்படி ஜோடியாகப் பரிந்துரைப்பது கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்வேன். ஒரு ஆக்ஸிலில் ஒன்றை மட்டும் மாற்றுவது வேண்டாம். சாய்த்து மாட்டிய ஷாக்கின் பலம் சாய்வுக்கேற்பக் குறையும்: செங்குத்திலிருந்து 30 டிகிரியில் முக்கால்வாசி, 45 டிகிரியில் பாதிதான். மாட்டுமிடத்தை நகர்த்தி வெல்டிங் வைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். பின்பக்கம் ஒரு ஷாக் ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றது பின்னும் இருப்பதைப் பார்த்து யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இழுவையில் ஆக்ஸில் முறுக்கித் துள்ளாமலிருக்கக் கம்பெனியே அப்படித்தான் வைத்திருக்கிறது.

மாட்டும் வேலையில் நேரத்தைத் தின்றது, பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் துருப்பிடித்த போல்ட். புஷ்ஷின் உள் குழாயோடு ஒட்டிக்கொண்டு, தலை சுற்றுகிறதே தவிர வெளியே வரவில்லை. முந்தைய நாள்களிலேயே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டிருந்தும் ஒன்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே புதுப் போல்ட், புஷ், ஷாக்கிள் எல்லாம் கையில் இல்லாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள். யூ போல்ட்டைப் பழையதையே போடக் கூடாது. இறுக்கும்போது இழுபட்டு நீள்வதில்தான் அதன் பிடி இருக்கிறது, ஒருமுறை நீண்டது மறுபடி அதே பிடியைத் தராது. சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் இருக்கையின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு, யூ போல்ட் நட்டுகளைக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக, சர்வீஸ் மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) இறுக்கினேன். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கவே கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, எடை விழுந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாதாரணமாக நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். படுக்கவைத்திருந்த இரட்டைக் குழாய் ஷாக்கை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுக்க இழுத்து அமுக்கினால் உள் குழாயில் புகுந்த காற்று வெளியேறும். அந்த வகையைத் தலைகீழாக மாட்டக் கூடாது.

பலரும் மறந்துவிடுவது பிரேக்கை. என் வண்டியைப் போன்ற பிக்கப்புகள் பலவற்றில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியும் ஒரு வால்வும் இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து லோடைக் கணித்து, பின் பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தம் எவ்வளவு போக வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. புதுப் பட்டையில் பின்பக்கம் உயர்ந்து நின்றால் எப்போதும் காலி வண்டி என்றே நினைத்துக்கொள்ளும். முழு லோடிலும் பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும், முன் பிரேக் தேய்ந்து தள்ளும். மேனுவலில் அந்தக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யும் முறை இருக்கும், அளந்து திருத்திக்கொண்டேன். நிறைய உயர்த்தியவர்கள் பிரேக் குழாய் தொங்கும் நிலையில் இழுபடுகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டார்ஷன் பாரைத் தொட்டிருந்தால் வீல் அலைன்மென்ட் தவிர்க்க முடியாது.

இப்போது காலியில் பின்சக்கரம் துள்ளுவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், பிக்கப் பிக்கப்தான். ஆனால் கருவிகளோடு ஓட்டும்போது பம்ப் ஸ்டாப் சத்தம் இல்லை, வளைவில் பின்பக்கம் நகர்வதில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளைத் திரும்ப டார்க் ரெஞ்சில் பார்த்தேன், இரண்டு கொஞ்சம் இளகியிருந்தன. இறுக்கிவிட்டு நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன், இனி நகர்ந்தால் கோடு விலகுவதில் தெரிந்துவிடும். பின்பக்கம் உயர்ந்ததில் ஹெட்லைட் வெளிச்சம் வண்டிக்குப் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. பட்டை உட்கார்ந்து முடித்த பிறகு அதையும் கொஞ்சம் மேலே திருகிவிட்டேன்.